பின்வீட்டுக்காரியும் சீமாட்டியும்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசைத்துணிகளுக்குக் கஞ்சி போடும் தொட்டியருகே நின்றதால் வந்த பெயர் என்பது ஒரு கட்சி. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு யாருக்கும் வளைந்து கொடுக்காமல் நடப்பதால் வந்த பெயர் என்பது இன்னொரு கட்சி. எது சரி என்று அவளிடமே ஒருமுறை கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

நானும் அவளும் ரோலர் இஸ்திரியில் ஜோடி. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து ஈரம் காயுமுன் எங்களிடம் தள்ளிவிடுவார்கள். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான் பிடிப்பேன். இழுத்து நிமிர்த்திச் சூடான உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். ஒருத்தி அசந்தாலும் துணி கோணிக்கொண்டு உள்ளே போய்விடும். நாள் முழுக்க ஒரு விரிப்பின் அகலத்தில் எதிரெதிரே நிற்கிற இரண்டு பெண்களுக்குள் எதுதான் தெரியாமல் போகும்? உருளையின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவள் சொன்னதில்தான் அவள் கதையில் பாதி எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. தாய் தகப்பன் போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். ஆள் பார்க்க லட்சணமாக இருந்தான். எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுகிறவன் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வயிறு தெரிய ஆரம்பித்திருந்த நேரத்தில் கன்னம் வீங்கி, ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்கா உள்ளே கூப்பிட்டாள், சோறு போட்டாள், அடிபட்ட இடத்துக்கு மருந்து தடவினாள். பிறகு, குழந்தை முகத்தைப் பார்த்தால் எந்த ஆம்பளையும் மாறிவிடுவான், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொல்லி, தானே கூட வந்து பஸ் ஏற்றி விட்டாள். அந்த மாதமே குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், முன்வாசலை மிதிக்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு அக்கா தங்கைப் பேச்சு நின்றது.

தகப்பன் கட்டிய வீடு அது. முன்கட்டு அக்காவுக்கு, பின்கட்டு தங்கைக்கு. நடுவில் இருந்த முற்றத்தில் தண்ணீர்க்குழாய், துவைக்கும் கல், துணி காயும் கொடி, ஒரு ஆட்டுக் கொட்டகை. அக்காவின் புருஷன் செத்து, மகனும் பிழைப்புத் தேடிக் கண்காணாத ஊருக்குப் போய்விட்டபிறகு, அந்த வீட்டில் மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி குழாயடிக்கு வந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். கஞ்சியக்கா எங்களிடம் பேசும்போது அவளை "முன்வீட்டுக்காரி" என்பாள். அக்காவும் தெருவில் இவளைப் "பின்வீட்டுக்காரி" என்றுதான் சொல்வாளாம். தவிர்க்க முடியாத சேதி எதுவும் இருந்தால் எதிர்த்த பேக்கரிக்காரர் இங்கும் அங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நல்ல மனுஷன். வாய் மட்டும் அவருடைய அடுப்பைவிடப் பெரியது.

ஆடு அக்காவுடையது. வெள்ளை ஆடு, தொங்கு காது. இன்னொருவர் கை பட்ட வாளியில் தண்ணீர் குடிக்காது, தரையில் விழுந்த தழையை முகர்ந்துகூடப் பார்க்காது. அந்தப் பவிசுக்குத்தான் சீமாட்டி என்று பெயர். ஒருமுறை கொடியில் காய்ந்த கஞ்சியக்காவின் சேலையில் பாதியை அது மென்று தின்றுவிட்டது. மறுநாள் அதே இடத்தில் ஒரு புதுச்சேலை தொங்கியது. கஞ்சியக்கா அதைத் தொடவே இல்லை. வெயிலிலும் மழையிலும் வெளுத்துக் கிழிந்து நூலாகிற வரைக்கும் அந்தச் சேலை கொடியிலேயே கிடந்தது. இதை அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

அக்கா விழுந்தது ஒரு காலை நேரம். குழாயடிப் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பேக்கரிக்காரரும் தெருவில் இன்னும் சிலரும் தூக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சலவைக்கூடத்துக்குப் போன் செய்தார்கள். கஞ்சியக்கா போய்ப் பேசினாள். திரும்பி வந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள். என்ன என்று கேட்டேன். "முன்வீட்டுக்காரி விழுந்துட்டாளாம்" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் கொடுத்த விரிப்பு ஒன்றுகூட நேராகப் போகவில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தரம் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "அந்த ஆடு நிறை வயிறு. அதுக்குத் தண்ணி யாரு வச்சிருப்பா?" என்றாள். அவளைத் தனியாக விட மனம் வராமல் நானும் கூடப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீமாட்டி ஏற்கெனவே ஈன்றுவிட்டிருந்தது. ஒரு குட்டி எழுந்து நின்று தள்ளாடியது. அடுத்த குட்டி பாதி ஈரத்தோடு சாணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மூக்கில் கோழை அடைத்திருந்தது. ஆடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்கட்டுக் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கதவு பூட்டியிருந்தது.

கஞ்சியக்கா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓடிப் போய்விடுவாளோ என்றுகூட நினைத்தேன். பிறகு தோளில் இருந்த பையைக் கீழே போட்டாள். ஓட்டலில் கழித்துக்கட்டின கிழிந்த துவாலைகளை எங்களுக்குக் கொடுப்பதுண்டு. அதில் இரண்டை எடுத்தாள். குட்டியின் வாயையும் மூக்கையும் வழித்துத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கி, உடம்பு முழுக்கத் தேய்த்தாள். துணியிலிருந்து கறை எடுக்கிற தேய்ப்பு அது, விடவே இல்லை. கடைசியில் குட்டி ஒரு தும்மல் போட்டது. எனக்கு உயிர் வந்தது.

பேக்கரிக்காரர் சத்தம் கேட்டு வந்தார். அவர் சொல்லித்தான் ஆட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கரைத்து வைத்தோம். காம்பின் முனை அடைத்திருப்பதைப் பிதுக்கி எடுத்துவிட்டுப் பெரிய குட்டியைப் பால் குடிக்கவிட்டோம். ஈர வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினோம். சின்னக் குட்டிக்குச் சப்பத் தெம்பில்லை. சீம்பாலைக் கறந்து கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள் கஞ்சியக்கா. "ஆடு பகை, குட்டி உறவுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பேக்கரிக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பொழுது சாய ஆரம்பித்தும் நஞ்சுக்கொடி விழவில்லை. ஆட்டுக்குப் பின்னால் சிவந்த கயிறு போலத் தொங்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் ஆகக்கூடாது, அப்படியே விட்டால் உள்ளேயே அழுகிவிடும் என்று பேக்கரிக்காரர் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கிட்டே போனார். ஒரே இழுப்பு, வந்துவிடும் என்றார்.

"இழுக்காதீங்கண்ணே."

அவர் நிற்கவில்லை. எத்தனையோ ஆட்டுக்குப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். கஞ்சியக்கா அவருக்கும் ஆட்டுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"எனக்கு இழுத்தாங்க" என்றாள். "குழந்தை போன அன்னிக்கு. அவசரம்னு இழுத்தாங்க. ரத்தம் நிக்கவே இல்லை. அப்புறம் எனக்குக் குழந்தையே இல்லன்னு சொல்லிட்டாங்க. இதை யாரும் தொடக்கூடாது."

பேக்கரிக்காரர் கையில் சுற்றிய துணியை மெதுவாகக் கழற்றினார். இத்தனை வருஷம் எதிரெதிரே நின்ற எனக்கே அது தெரியாது. உருளையின் இரைச்சலில் கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லையே அது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். இழுக்கவே வேண்டாம், ஆடு அதைத் தின்றுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்றார். சொன்னபடியே வந்தார். ஊசி போட்டார், கர்ப்பப்பைக்குள் மாத்திரை வைத்தார். அன்று சாயங்காலம் நஞ்சுக்கொடி தானாக விழுந்தது. ஆனால் முழுசாக வரவில்லை போலிருக்கிறது. மறுநாள் ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டது. நாற்றமடிக்கும் நீர் வடிந்தது. ஒரு பக்க மடி சிவந்து கல்லாக இறுகியது. டாக்டரம்மா மறுபடி வந்தார். மருந்தை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும், கெட்ட பாலைக் கறந்து தூரக் கொட்ட வேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், ஆடு படுத்தே கிடக்காமல் அடிக்கடி எழுப்பி நிறுத்த வேண்டும் என்றார். பிழைக்குமா என்று கஞ்சியக்கா கேட்டாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கவனிப்பைப் பொறுத்தது என்று மட்டும் சொன்னார்.

கஞ்சியக்கா வேலைக்கு வரவில்லை. நான் மேற்பார்வையாளரிடம் வீட்டில் பிரசவம் என்றேன். யாருக்கு என்றார். பொய் சொல்ல வராமல் ஆட்டுக்கு என்று சொல்லித் தொலைத்தேன். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ரோலருக்கு வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார்.

நான் வேலை முடிந்து தினமும் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். போகும்போதெல்லாம் கஞ்சியக்கா கொட்டகையில்தான் இருப்பாள். சேலையெல்லாம் பால் வாடை, மருந்து வாடை. முழங்காலில் ஆடு முட்டிய காயம். சீமாட்டி அவளை மடியில் கை வைக்கவே விடவில்லை. காலை உதறும், முட்டும், பிறகு முன்கட்டுக் கதவைப் பார்த்துக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காது. பெரிய குட்டி ஆரோக்கியமாக இருந்த பக்கத்தில் எப்படியோ புகுந்து குடித்துவிடும். சின்னதைக் கிட்டே சேர்த்தால் தாய் தள்ளிவிட்டது.

"அது தேடுறது என்னை இல்லை" என்றாள் ஒரு நாள். "அவ வாடை இருந்தா நிக்கும்."

முன்கட்டுச் சாவி பேக்கரிக்காரரிடம் இருந்தது. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாசலைத் தாண்டி அவள் உள்ளே போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஆணியில் ஒரு கண்ணாடி. கூடத்தில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அக்காவின் போர்வை மடித்து வைத்திருந்தது. இன்னொன்றில் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இது என் கட்டில்" என்றாள் கஞ்சியக்கா. "தூக்கிப் போடாம வச்சிருக்கான்னு சந்தோஷப்படுறதா, மூட்டைய அடுக்கிட்டாளேன்னு அழுறதா, தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. அவள் அக்காவின் பழைய சேலை ஒன்றை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சீமாட்டி முகர்ந்தது. காது தளர்ந்தது. முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெட்ட பாலைக் கறந்தாள். கட்டி கட்டியாக வந்தது. கறந்து முடிக்கும்வரை அவள் முகத்தை எனக்குக் காட்டவே இல்லை.

அந்தச் சேலைக்குப் பிறகு ஆடு தேறத் தொடங்கியது. காய்ச்சல் இறங்கியது. தழையைக் கொறித்தது. ஆனால் சின்னக் குட்டி தேறவில்லை. பால்புட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள், பெட்டியில் துவாலை விரித்து வெந்நீர்ப் புட்டி வைத்துச் சூடு கொடுத்துப் பார்த்தாள். விட்ட பால் வாயோரமாக வழிந்தது. என் விடுமுறை நாள் ஒன்றின் நடுப்பகலில், அவள் மடியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழுத்தைத் தொங்கவிட்டது. அதற்கப்புறமும் அவள் பால்புட்டியை அதன் வாயிலிருந்து எடுக்கவில்லை. "அக்கா, போதும்" என்று நான்தான் கையைப் பிடித்தேன். முற்றத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தோம். அதுவரை அந்தக் குட்டியைச் சட்டை செய்யாத சீமாட்டி, அன்று மாலை முழுக்க மண்ணை முகர்ந்து முகர்ந்து நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேக்கரிக்காரர் மூலம் நாள் தவறாமல் விசாரிப்பு வந்துகொண்டிருந்தது. ஆடு தின்றதா, குட்டிகள் குடித்தனவா. குட்டி செத்ததை என்னால் சொல்ல முடியாது, நீயே போய்ச் சொல் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். கஞ்சியக்கா குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைந்தாள்.

அக்காவை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். முகவெட்டு அப்படியே தங்கை. அதே விறைப்புக் கழுத்து, தலையணையில்கூடச் சாயாமல். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் அவள் கண் ஒரு கணம் பெரிதானது. வா என்று சொல்லவில்லை.

"சீமாட்டிக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

கஞ்சியக்கா எல்லாவற்றையும் ஒப்பித்தாள். காய்ச்சல், மடி, மருந்து. கடைசியில், சின்னது போய்விட்டது என்றாள்.

அக்கா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். "போகட்டும். தாய் பொழைச்சுச்சே, அது போதும்."

கஞ்சியக்கா கட்டில் கம்பியைப் பிடித்தாள். "ஆட்டுக்குச் சொல்ற வார்த்தைய அன்னிக்கு எனக்கு நீ சொல்லலை."

பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் திரும்பினாள். அக்கா, குரலே எழும்பாமல், "சொல்ல வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு" என்றாள்.

"தட்டியிருக்கலாம்."

அக்காவின் கண்ணோரமாக நீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. துடைக்க அவளுக்குக் கை எழவில்லை, தங்கையும் துடைக்கவில்லை. தண்ணீர் கேட்டாள். கஞ்சியக்கா தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்: "இத்தனை வருஷமா மனசுக்குள்ள அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன். ஒரு நாள் சொல்லிட்டா லேசாயிடும்னு நெனச்சேன். ஆகலை."

அவள் வேலைக்குத் திரும்பியபோது ரோலரில் இடம் இல்லை. பழையபடி கஞ்சித் தொட்டிக்கே அனுப்பிவிட்டார்கள். எனக்கெதிரே இப்போது வேறொருத்தி நிற்கிறாள். நல்ல பெண்தான், பேசத்தான் மாட்டாள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நடைச்சட்டம் பிடித்துக்கொண்டு வந்தாள். இனி குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. சமையல் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்குப் போகிறது. இருவரும் பேசிக்கொள்கிறார்கள், ஆட்டைப் பற்றி மட்டும். தீவனம் ஊற வைத்தாயா, குட்டிக்குக் கழிச்சல் நின்றதா, இப்படி. சீமாட்டிக்கு ஒரு பக்க மடி வற்றிவிட்டது. கடைசியாக வந்து பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பை கெட்டிருக்கிறது, இனி சினை பிடிப்பது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்ட பேக்கரிக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். குட்டியும் போடாது, பாலும் ஒரு பக்கம்தான், எதற்கு வீண் தண்டம், கறிக்கடைக்காரரிடம் பேசட்டுமா என்று. நானும் அப்போது அங்கே இருந்தேன். கஞ்சியக்கா தண்ணீர் வாளியோடு நின்றாள்.

"குட்டி போட்டாத்தான் வீட்டுல இடமா, அண்ணே?"

முன்கட்டு வாசலில் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றிருந்த அக்காவுக்கும் அது கேட்டது. "இது எங்கேயும் போகாது. இங்கதான் இருக்கும்" என்றாள் அவள், பேக்கரிக்காரரைப் பார்த்து. கஞ்சியக்கா திரும்பிப் பார்க்காமல் வாளியைக் கொட்டகைக்குள் கொண்டுபோனாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சாயங்காலக் கறவை நேரம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சீமாட்டியின் தலையை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தங்கை கீழே உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். பெரிய குட்டி இருவரையும் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஆட்டின் காதைத் தடவியபடியே, "அன்னிக்கு அந்த பஸ் கிளம்பினப்போ நான்..." என்று ஆரம்பித்தாள்.

"தலையை அசையாம புடி" என்றாள் கஞ்சியக்கா.

அக்கா பிடித்தாள். பால் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வந்தது இருவருக்கும் தெரியவில்லை. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.